பத்து நிமிடம் நின்ற தெரு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டால் மழுப்புவேன்.

என் மனைவி இறந்த எட்டாவது மாதம், அவளுடைய அக்கா என் பெயரை ஒரு தியான வகுப்பில் எழுதிக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. "தம்பி, சும்மா போய் உட்காருங்க. உட்கார்றதுக்கு என்ன கஷ்டம்?" என்றார். உண்மைதான். உட்காருவதில் எனக்கு அப்போது நல்ல தேர்ச்சி இருந்தது.

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில், காலையில். பதினாலு பேர். சொல்லிக் கொடுப்பவர் மெலிந்தவர், குரலும் மெலிந்தது. மூச்சைக் கவனியுங்கள் என்றார். எனக்கு ஜலதோஷம். கவனிக்க ஒரு மூக்குத் துவாரம்தான் கிடைத்தது. இரண்டாம் நாள், தொலைவில் கேட்கும் சத்தத்தைக் கவனியுங்கள் என்றார். பக்கத்தில் இருந்தவர் குறட்டை விட்டார். அதைத் தாண்டி என்னால் தொலைவுக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில், நடுத்தெருவில் ஒருவர் குனிந்து நின்றிருந்தார். கையில் ஓர் இரும்புக் கம்பி. இடுப்பளவு உயரம். கீழ் நுனி தரையில், மேல் நுனியில் கிண்ணம் மாதிரி குடைந்த மரக்கட்டை. கிண்ணத்தில் காதை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள். ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள், ஒருவர் அவருடைய அம்மாவையும் விசாரித்தார். அவர் அசையவில்லை.

"என்னங்க கேக்குது?" என்றேன்.

கண்ணைத் திறக்காமல் விரலை உதட்டில் வைத்தார்.

மூன்று நாளில் நான் பார்த்த முதல் தியானம் அதுதான் என்று எழுதத் தோன்றுகிறது. [அடித்துவிட வேண்டும். வாக்கியம் அழகாக இருக்கிறது. அதனால்தான்.]

அவர் குடிநீர் வாரியத்தின் ஆள். மண்ணுக்குள் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்பதைக் காதால் கண்டுபிடிப்பவர். அதற்கென்று ஒரு வேலையும் அடையாள அட்டையும் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது. பொய் என்று சொல்லமாட்டேன். சேர்த்தது.

2

முதல் தொடக்கம்: "காலை ஆறு மணி. கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—"

நீட்டட்டும். நாம் வேறு பார்ப்போம்.

இரண்டாம் தொடக்கம்: "தண்ணீர் என்பது வெறும் தண்ணீர் அல்ல. அது—"

தண்ணீர்தான்.

மூன்றாம் தொடக்கம்: "அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் காது என்றுதான் கூப்பிட்டார்கள்."

இது நிற்கும் போலிருக்கிறது. இதிலேயே போகிறேன்.

அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் காது என்றுதான் கூப்பிட்டார்கள். "காது வந்தாச்சா?", "காதுக்கு ஒரு டீ சொல்லு." அவருக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருட வேலை. நாலடி ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாத துளையில் நீர் கசிந்தால், அது 'உஸ்' என்கிறதா 'இஸ்' என்கிறதா என்று சொல்லிவிடுவார். உஸ் என்றால் பெரிய உடைப்பு. இஸ் என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பிறந்தநாள் விருந்துக்குப் போனால் ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டி, பஞ்சு வைத்துக்கொண்டு சாப்பிடுவார். "பாட்டு பிடிக்கலையா மாமா?" என்று கேட்டால், "பாட்டு பிடிக்கும். இது என் சோத்துக் காது" என்பார்.

அன்று காலை ஐந்தரைக்கு அவர் வீட்டிலிருந்து கிளம்பினார். மனைவி வாசல்வரை வந்தார்.

[இங்கே மனைவி ஒரு வாக்கியம் பேச வேண்டும். வேலைக்குக் கிளம்பும் கணவனிடம் சொல்கிற சாதாரண வாக்கியம். இப்போது வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.]

கிளம்பினார். பாதி வழியில் பொறியாளரிடமிருந்து போன் வந்தது.

"காது, இன்னைக்கு பதினோராவது நாள். எட்டு மணிக்குள்ள உடைப்பு எங்கன்னு காட்டலேன்னா கீழ்க்கோடிக் குழாயை அடைச்சிடச் சொல்லிட்டாங்க. வாரத்துக்கு ஒரு லாரி அனுப்பிக்குவாங்களாம்."

"அங்க ஏழு வீடு இருக்கு சார்."

"ஏழு வீட்டுக்காக ஒரு ரோடு பூரா தோண்ட முடியுமா? நீயே சொல்லு."

"ஒரு சலவைக்கடை வேற இருக்கு சார்."

"சரி, அப்ப எட்டுன்னு வெச்சுக்க. நல்லாக் கேளு."*

* குழாயில் காது வைப்பவர்கள் ஊர் அடங்கிய பிறகு வேலை செய்வதுதான் முறை. ஆனால் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் விடுவதே காலை ஆறிலிருந்து எட்டு வரைதான். தண்ணீர் ஓடாத குழாய் பேசாது. ஆகவே ஊரே பல் தேய்த்து, குளித்து, பாத்திரம் உருட்டுகிற அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் அவர் ஒரு 'உஸ்'ஸைத் தேட வேண்டும். பதினோரு நாளாக அதுதான் நடக்கிறது.

3

தெரு சரிவானது. மேல்கோடியிலிருந்து கீழே வரும் ஒரே குழாய். வழியில் முப்பத்தொரு வீடுகள். கடைசியில், சரிவு முடிகிற இடத்தில், அந்த ஏழு வீடும் சலவைக்கடையும். மேலே எல்லோருக்கும் தண்ணீர் வருகிறது. கீழே சொட்டுகூட இல்லை. எனவே நடுவில் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது. வாரியத்தின் கணக்கு இது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு.

சலவைக்கடை அக்கா வாசலிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் அழுக்குப் போர்வைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன.

"வாங்க டாக்டர்" என்றார். கம்பியில் காதை வைத்துக் கேட்பவர் அக்காவுக்கு டாக்டர்தான். "பதினோரு நாளா பூமிக்கு நாடி பாக்குறீங்க. கர்ப்பமா, காய்ச்சலா, ஒண்ணு சொல்லிடுங்க."

"பாத்துக்கிட்டிருக்கேன் க்கா."

"பாருங்க, பாருங்க. அவசரமே இல்லை. விடுதிக்காரங்க நாப்பது போர்வையை இன்னைக்கு சாயங்காலம் கேக்குறாங்க. கொடுக்கலேன்னா நாளையிலேர்ந்து வேற கடையாம். இருபது வருஷ வாடிக்கை. நான் என்ன, போர்வையை உதறிக் கொடுத்துடவா?"

"தண்ணி?"

"பக்கத்துத் தெருவுலேர்ந்து வண்டியில இழுக்குறேன். அவங்களும் இப்ப என்னைப் பார்த்தா கதவைச் சாத்துறாங்க. பேயைப் பார்த்தாக்கூட இவ்வளவு வேகமா சாத்த மாட்டாங்க."

காது தயங்கினார். சொல்லித்தான் ஆக வேண்டும். "எட்டு மணிக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா குழாயை அடைச்சிடுவாங்களாம். வாரத்துக்கு ஒரு லாரி வரும்."

அக்கா, "ஊர்க்காரங்ககிட்ட சொல்லிடறேன். இனிமே வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் அழுக்காகுங்கன்னு" என்றார்.

கடைக்குள் குழாய் திறந்தே கிடந்தது. அடியில் ஒரு காலி வாளி.

"இதை மூடி வைக்கலாமில்ல?"

"மூடி வெச்சா தண்ணி வந்ததும் எப்படித் தெரியும்? திறந்து வெச்சா வாளியில விழுற சத்தம் கேக்கும். ஓடி வருவேன். இஸ்திரி போடும்போதும் ஒரு காது இங்கதான்."

"அப்ப உங்களுக்கும் என் வேலைதான்."

"சம்பளம் இல்லாம."

[இந்த அக்காவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. பதினோரு நாள் தண்ணீர் இல்லாமல், வாடிக்கை கையை விட்டுப் போகிற காலையில், ஒருவர் இப்படி வாயடிப்பாரா? அழவைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க அழுதார். படித்தபோது அது நான் சொல்லிக் கொடுத்த அழுகை என்று தெரிந்தது. கிழித்துவிட்டேன். கஷ்டத்தில் இருப்பவர்கள் முழுநேரமும் கஷ்டப்படுவதில்லை. நடுவில் பசிக்கும். நடுவில் யாராவது சறுக்கி விழுந்தால் சிரிப்பு வரும். இது மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.]

4

காது மேலே நடந்தார். வீட்டுக்கு வீடு கம்பியை ஊன்றிக் கேட்டார்.

'ம்ம்ம்ம்ம்.'

அடுத்த வீடு. 'ம்ம்ம்ம்ம்.' அதற்கடுத்த வீடு, கொஞ்சம் கரகரப்பாக, 'ம்ர்ர்ர்ம்.'

மோட்டார். தெருக்குழாயிலேயே மோட்டாரைப் பூட்டித் தண்ணீரை இழுக்கிறார்கள். கூடாதுதான். கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரிடமும் இருக்கிறது.* இந்த இரைச்சலில் 'உஸ்' எங்கே கேட்கும்? திருவிழாக் கூட்டத்தில் கொசுவைத் தேடுகிற மாதிரி. [திருவிழா வேண்டாம். சந்தை? சந்தைக் கூட்டத்தில் கொசுவைத் தேடுகிற மாதிரி. சரி.]

* என் வீட்டிலும் ஒன்று உண்டு. சுவிட்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால்.

முதல் கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திறந்தார்.

"சார், கசிவு தேடுறேன். பத்து நிமிஷம் மோட்டாரை நிறுத்தினீங்கன்னா—"

"மோட்டாரா?" என்று தலைமையாசிரியர் கத்தினார். "எங்க வீட்டுல மோட்டாரே கிடையாது!"

அவர் கோபத்தில் கத்தவில்லை. உள்ளே ஓடுகிற மோட்டார் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது.

அடுத்தது தையல்காரர். வாசல்படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள மோட்டார் ஓடுதே?"

"அது தையல் மிஷின்ணே."

"நீங்க இங்க இருக்கீங்க. மிஷினை யார் மிதிக்கிறது?"

தையல்காரர் நுரையோடு யோசித்தார். "நல்ல மிஷின்ணே அது" என்றார்.

மூன்றாவது, மாடிவீட்டு அம்மா. மேலிருந்தே பேசினார். "பக்கத்து வீட்டுல போடுறாங்க. அவங்க போட்டா நமக்குத் தண்ணி வராது. அதனால நாங்களும் போட வேண்டியிருக்கு. ஆனா நாங்க போடல."

இப்படி ஒன்பது வீடு. மணி ஏழு இருபது. ஒன்பது வீட்டிலும் மோட்டார் இல்லை. தெரு முழுக்க மோட்டார் சத்தம்.

காது ஒரு மின்கம்பத்தில் சாய்ந்து நின்றார். இல்லாத ஒன்றை எப்படி நிறுத்தச் சொல்வது? யோசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். வியர்த்திருந்ததால் கழற்றினார், வேறு நோக்கம் எதுவும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன். கம்பியை நேராகப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மேல்கோடிக்குப் போனார். இந்தத் தடவை மோட்டார் என்ற சொல்லே எடுக்கவில்லை. யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஏழு நாப்பதுக்கு ஒரு பத்து நிமிஷம் மட்டும். எல்லாத்தையும் நிறுத்திட்டு அமைதியா இருந்தீங்கன்னா போதும். பெரிய உதவியா இருக்கும்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து அடுத்த வீட்டுக்குப் போனார்.

பதினோரு நாள் தூக்கமில்லாத கண். கையில் தொப்பி. தாழ்ந்த குரல். பத்து நிமிட அமைதி. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

மாடிவீட்டில்:

"யாராம்?" என்றார் வீட்டுக்காரர்.

"சொல்லல. தொப்பியைக் கழட்டிட்டு நின்னாரு. குரலே எழும்பல, பாவம்."

"கேட்டிருக்கலாமில்ல?"

"அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிங்க கேக்குறது?"

"வாரியத்துல பெரியவர் யாரோ போயிட்டார் போல."

"நமக்குத் தண்ணி விட்டவராச்சேங்க."

"மோட்டாரை நிறுத்து முதல்ல."

தையல்காரர் பல் தேய்ப்பதை அவசரமாக முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டார். தலைமையாசிரியர் உள்ளே போய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். செய்தி காதுக்கு முன்னால் ஓடியது. பதினைந்தாம் வீட்டில் அவர் வாயைத் திறப்பதற்குள், "தெரியும் தம்பி, சொன்னாங்க. தைரியமா இருங்க" என்று ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டினார். காது, கசிவைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எண்ணி, "இருக்கேன் சார்" என்றார்.

குழாய்க்காக நிறுத்தாத மோட்டாரை, யாரென்றே தெரியாத ஒரு பிணத்துக்காக நிறுத்துகிறார்கள். இதைக் கேலி செய்யத்தான் இந்தப் பிரிவை எழுத உட்கார்ந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் என் தெருவிலும் ஒரு காலைப்பொழுது எல்லாச் சத்தமும் நின்றிருந்தது. கேலி வரவில்லை. அடுத்த பிரிவுக்குப் போகிறேன்.

5

ஏழு நாற்பது.

முதலில் தலைமையாசிரியர் வீட்டு மோட்டார் நின்றது. பிறகு பக்கத்து வீடு. அப்புறம் வரிசையாக. பெரிய மிருகம் ஒன்று மூச்சை இழுத்து நிறுத்துவதுபோல் தெரு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தொலைக்காட்சி நின்றது. பாத்திரம் நின்றது. ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து நின்றார்கள், கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. உள்ளே வந்த ஓர் ஆட்டோக்காரர் இதைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. வண்டியை அணைத்து இறங்கி அவரும் நின்றார். பயணி கீழே இறங்கி, "என்ன?" என்று கையால் கேட்டார். "நில்லுங்க" என்று ஆட்டோக்காரர் கையால் சொன்னார். இருவரும் நின்றார்கள்.

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பூட்டிய வீட்டுக்குள்ளும் போகலாம், குனிந்த தலைக்குள்ளும் போகலாம். போய்ப் பார்த்தேன்.

யாருக்காக நிற்கிறோம் என்று எவருக்கும் தெரியாது. ஆளில்லாத இடம் ஒன்று இருந்தால் மனம் சும்மா விடாது. அவரவர் தங்கள் ஆளைக் கொண்டுவந்து அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

தலைமையாசிரியர், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கடைசிவரை ஒரு கணக்கும் சரியாகப் போடாத ஒரு மாணவனை வைத்திருந்தார். அவனைத் தினமும் திட்டியிருக்கிறார். வேலையில் ஒரு விபத்து. இருபது வயதுகூட நிறையவில்லை. தையல்காரர், தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராத ஒருவரை வைத்திருந்தார்; நீலச் சட்டை, அரைக்கை, கழுத்துப் பதினாறு. மாடிவீட்டு அம்மாவுக்குத்தான் சிக்கல். எத்தனையோ சொந்தக்காரர்கள் போயிருக்கிறார்கள். ஆனால் கண்ணை மூடியதும் போன வருடம் செத்துப்போன பூனை வந்து உட்கார்ந்துவிட்டது. "ஐயோ, மாமியார் இருக்காங்க, பெரியப்பா இருக்காரு, இது முதல்ல வந்து உட்காருதே" என்று வெட்கப்பட்டார். பூனை நகரவில்லை. பூனைகள் அப்படித்தான். அவரும் விட்டுவிட்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வந்தது.

யாரும் அவர்களிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்லவில்லை. மெலிந்த குரல் இல்லை. விரிப்பு இல்லை. ஆனால் முப்பத்தொரு வாசலில் ஒருவர்கூடக் குறட்டை விடவில்லை. இதை அந்த வகுப்பு ஆசிரியருக்குச் சொல்ல வேண்டும்.

காது யாரையும் நினைக்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கம்பியைத் தெருக்குழாய் வால்வின் இரும்பு மூடியின் மேல் ஊன்றிக் காதை வைத்தார்.

[இரண்டாம் பிரிவில் விட்ட வாக்கியம் இப்போது வந்தது. வந்தபோதே எழுதிவிடுகிறேன். "குடையை எடுத்துக்கிட்டீங்களா?" இவ்வளவுதான். மழைக்காலம் இல்லை. வெயிலும் இல்லை. அவள் எப்போதும் அதைத்தான் கேட்பாள்.]

[மேலே 'அவள்' என்று விழுந்துவிட்டது. காதின் மனைவிக்கு 'அவர்' என்று எழுதி வந்தேன். திருத்தவில்லை.]

காதுக்கு முதலில் தன் ரத்தம் ஓடுவது கேட்டது. எப்போதும் அதுதான் முதலில் கேட்கும். அது ஒதுங்கக் காத்திருந்தார். பிறகு மண். மண்ணுக்கு ஒரு சத்தம் உண்டு, யாரோ பக்கத்து அறையில் யோசிக்கிற மாதிரி. அதற்கும் கீழே குழாய்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தடையில்லாமல், வழுவழுவென்று, சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

'உஸ்' இல்லை. 'இஸ்' இல்லை.

அடுத்த மூடிக்குப் போனார். அங்கேயும் இல்லை. அதற்கடுத்தது. இல்லை. தெரு முழுக்கக் குனிந்த தலைகளுக்கு நடுவே, வெறுங்காலோடு, ஒரு மனிதர் கம்பியோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் அதையும் சடங்கின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள்.

கடைசி மூடியில் ஒரு சத்தம். தொம், தொம், தொம். பிறகு தொடர்ந்து விழுகிற சத்தம். உடைப்பு! பெரியது! கிண்ணத்திலிருந்து காதை எடுத்தார். எடுத்த பிறகும் சத்தம் கேட்டது. மண்ணுக்குள் இல்லை, வெளியில். அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

சலவைக்கடை.

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாளி பாதி நிறைந்திருந்தது. அக்கா பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

6

"டாக்டர்" என்றார், மூச்சுக் குரலில். தெரு நின்ற நிலையில் அவருக்கும் கத்த வரவில்லை. "கண்டுபிடிச்சிட்டீங்களா? எங்க உடைஞ்சிருக்கு?"

காது திரும்பிச் சரிவைப் பார்த்தார். முப்பத்தொரு வாசல். முப்பத்தொரு வாசலிலும் ஆட்கள்.

"எங்கயும் உடையல க்கா."

"அப்புறம் எப்படி பதினோரு நாளா—"

அக்கா அவர் பார்த்த பக்கம் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை.

"ஓ" என்றார்.

"மோட்டார் இருக்குன்னு தெரியும் க்கா. பாதி வீட்டுல இருக்கும்னு நெனச்சேன். முப்பத்தொண்ணும் சேர்ந்து கீழ வர்ற தண்ணியையே இழுத்துடும்னு நெனக்கல. கொஞ்ச நாளா ஆளுக்கு ஆள் மாட்டியிருக்காங்க. அந்தச் சத்தம்தான் இடைஞ்சல், அது நின்னா உடைப்பு கேக்கும்னே தேடிக்கிட்டிருந்தேன்."

"இடைஞ்சல்தானே உடைப்பு" என்றார் அக்கா. பிறகு, "எல்லாரும் ஏன் இப்படி நிக்கிறாங்க? சாவு வீட்டு வாசல் மாதிரி."

"தெரியல க்கா. பத்து நிமிஷம் அமைதியா இருக்கச் சொன்னேன்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களை யாரு பத்து நிமிஷம்னு கேக்கச் சொன்னது? கேக்குறதே கேக்குறீங்க, ஒரு மணி நேரம்னு கேட்டிருக்கக் கூடாதா?"

காது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நாற்பத்தெட்டு. மேலே ஒன்றிரண்டு தலைகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தன. யார் ஆரம்பித்தாரோ அவர் கையை உயர்த்தினால்தான் முடிக்க வேண்டும், அதுதான் மரியாதை. தெரு முழுக்க அவர் கைக்காகக் காத்திருந்தது.

7

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருக்கின்றன. மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதல் முடிவு. காது கையை உயர்த்துகிறார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடுகிறார்கள்.

"யாரு தம்பி போனது?" என்கிறார் தலைமையாசிரியர்.

"யாரும் போகலீங்களே."

"யாருமே சாகலையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை சார்."

"அப்ப இத்தனை நேரம் நாங்க எதுக்காக நின்னோம்? நான் நிஜமாவே அழுதேனே!" என்கிறார் மாடிவீட்டு அம்மா.

"ஒருத்தரும் சாகலைன்னா நல்ல சேதிதானேக்கா?" என்கிறார் தையல்காரர். எல்லோரும் சிரிக்கிறார்கள். தலைமையாசிரியரும் கடைசியில் சிரிக்கிறார். மணியைப் பார்க்கிறார்கள். தண்ணீர் நிற்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. ஓடுகிறார்கள். முப்பத்தொரு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்புகின்றன. அக்காவின் வாளிக்கு மேலே குழாய் ஒரு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது.

இதுதான் நடக்கும். நடக்கும் என்பதற்காக மட்டும் நான் ஏன் எழுத வேண்டும்?

இரண்டாம் முடிவு. காது பொறியாளரிடம் உண்மையைச் சொல்கிறார். அதிகாரிகள் வந்து மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அன்றைக்குப் போர்வைகள் வெளுக்கின்றன. மறுநாள் அக்கா கடைக்குத் தெருவிலிருந்து ஒரு துணிகூட வரவில்லை. மூன்றாம் வாரம் புது மோட்டார்கள் வருகின்றன; இவற்றுக்குச் சத்தமே இல்லை. [எழுதும்போது கை வலித்தது.]

மூன்றாம் முடிவில் தலைமையாசிரியர் ஒரு பேச்சுப் பேசினார். எல்லோரும் திருந்தினார்கள். தினமும் அரைமணி நேரம் மோட்டாரை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார்கள். கைதட்டல்கூட வைத்திருந்தேன். என் மனைவியின் அக்கா வந்திருந்தபோது மேசையில் கிடந்ததை எடுத்துப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். "ஆனா இவங்கள்லாம் யாரு? நம்ம தெருவுல இப்படி யாரும் இல்லையே."

"கதைதானே அண்ணி."

"கதைன்னா? நீங்க நிறுத்துவீங்களா?"

எழுந்து போய் வேறு ஏதோ செய்தேன். அவர் வகுப்பைப் பற்றியும் கேட்டார். மூன்றாம் நாளே ஓடி வந்துவிட்டதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தங்கையின் சிரிப்பு. உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முடிவையும் கிழித்தேன்.

8

ஆகவே நிலைமை இதுதான்.

மணி ஏழு நாற்பத்தொன்பது, நாற்பது நொடி. காதின் கை பாதி எழுந்திருக்கிறது. முப்பத்தொரு வாசலும் அந்தக் கையைப் பார்க்கின்றன. தையல்காரர் கண்ணைத் திறந்துவிட்டார். பூனை இன்னும் நகரவில்லை. ஆட்டோவும் நகரவில்லை.

அடுத்த வாக்கியத்தில் கை உயர வேண்டும். அதை எழுத வேண்டியவன் நான். எழுதமாட்டேன்.

சோம்பல் இல்லை. உத்தியும் இல்லை. நான் அந்த வாக்கியத்தை எழுதாதவரை மோட்டார் ஓடாது. எளிய கணக்கு. ஒரு கதை முடியாமல் இருப்பதால் யாருக்காவது ஒரு வாளி தண்ணீர் கிடைக்கிறது என்றால், முடியாமலே இருக்கட்டும். பொறியாளர் எட்டு மணிக்குப் போன் செய்வார். எட்டு மணி வந்தால்தானே?

முதல் வாளி நிறைந்துவிட்டது. அக்கா அதைச் சத்தமில்லாமல் இழுத்து இரண்டாவதை நுழைத்தார். ஒரு சொட்டு வெளியே விழவில்லை. பிறகு சோப்புத் தொட்டி. பிறகு அகலத் தொட்டி. அதில் இப்போதே பன்னிரண்டு போர்வைகள் ஊறுகின்றன. டீ போடுகிற பாத்திரம் நிறைந்தது. இஸ்திரிக்குத் தெளிக்கிற செம்பு நிறைந்தது. கீழ்க்கோடியின் ஏழு வீட்டுக்காரர்களும் கால்விரல் நுனியில் வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் கையில் அண்டா, ஒருவர் கையில் பூவாளி, ஒருவர் கையில் தலைக்கவசம். தலைக்கவசத்தைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வரக்கூடாதென்று முந்தானையைக் கடித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்குகிறது.

தலைக்கவசமும் நிறைந்துவிட்டது. பாத்திரம் தீர்ந்துவிட்டது. தண்ணீர் தீரவில்லை. அக்கா அங்கும் இங்கும் பார்க்கிறார்.

உங்கள் வீட்டில் காலியாக ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். வருகிறபோது சமையலறைக் கதவுக்குப் பின்னால் கையை விட்டு, அந்த மோட்டாரை ஒரு தரம் நிறுத்திவிட்டு வாருங்கள். நானும் இப்போதுதான் நிறுத்தினேன்.

செருப்பு வேண்டாம். மெதுவாக வாருங்கள். எல்லோரும் நிற்கிறார்கள்.